என்ன மாதிரி படம்? கடலூர்ல ஒரு சின்ன படத்துக்கு விழுந்த பேருங்க: ஒரு நிகழ்வு ஆய்வு

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, கடலூர்ல ஒரு தியேட்டர் வாசல், பதினோரு மணி ஷோ. வண்டிய ஸ்டாண்டுல போட்டுட்டு வந்த ஒரு அண்ணன் டிக்கெட் கவுண்டர்ல எட்டிப்பாத்து "இது என்ன மாதிரி படம்பா?"ன்னு கேட்டாரு. உள்ள இருந்த தம்பி யோசிக்கவே இல்ல, "அவார்ட் படம்ணே"ன்னு சொன்னாரு. அண்ணன் "ஓ"ன்னுட்டு பக்கத்து ஸ்கிரீன்ல என்ன ஓடுதுன்னு கேட்டு அதுக்கு டிக்கெட் எடுத்துட்டு போயிட்டாரு.

அன்னிக்கு தேதி வரைக்கும் அந்தப் படம் ஒரு அவார்டும் வாங்கல. போஸ்டர்ல அந்த இலை வளையம் போட்ட முத்திரை கூட ஒண்ணு கெடையாது. ஆனா கவுண்டர் தம்பிக்கு அது அவார்ட் படம், கேட்ட அண்ணனுக்கும் அதுக்கு மேல ஒரு விளக்கமும் தேவப்படல, ஒரே வார்த்தைல பேச்சு முடிஞ்சு போச்சு. நான் பாண்டிச்சேரில தமிழ் சுயாதீன சினிமாவையும் ஜானரையும், அதாவது படத்தோட வகையையும், பத்தி பிஹெச்டி பண்றேன், அதுவரைக்கும் மூணு வருஷமா ஜானர் படத்துக்கு உள்ள இருக்குன்னு நம்பி ஷாட் எண்ணிக்கிட்டு இருந்தவ. அந்தக் கவுண்டர்ல நின்னப்பதான் நான் தப்பான எடத்துல தேடிட்டு இருக்கேனோன்னு தோணுச்சு. அதுக்கப்புறம் அந்த ஒரு படத்த மட்டும் புடிச்சுக்கிட்டு, அது பொறந்ததுல இருந்து அதுக்கு யார் யார், எங்க, எதுக்காக, என்ன பேரு வச்சாங்கன்னு தேடிப் போனேன். அதத்தான் இங்க எழுதுறேன்.

படத்த எடுத்தவரு பண்ருட்டி பக்கத்துக்காரரு, எனக்கு நல்லா தெரிஞ்சவரு. அவரு பேரையும் படத்து பேரையும் எழுத வேணாம்னு கேட்டுக்கிட்டாரு, அடுத்த படத்துக்கு இப்பதான் பேச்சுவார்த்த போயிட்டு இருக்கு, அதனால படம்னே சொல்லிட்டு போறேன். தொண்ணூத்தி நாலு நிமிஷம். தானே புயல் 2011 டிசம்பர் 30 காலைல கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவுல கரைய கடந்துச்சு இல்லயா, அதுக்கு அப்புறம் பத்து நாள் நடக்குற கதை. பண்ருட்டி பக்கம் ஒரு முந்திரிக் கொல்லை, மரமெல்லாம் வேரோட சாஞ்சு கெடக்கு, ஊருக்கே கரண்ட் இல்ல. கதை ஒரு பொம்பளையச் சுத்தி. பட்டா அவ மாமனார் பேர்ல இருக்கு, மாமனார் போய் சேந்து வருஷமாச்சு, புருஷன் புயலுக்கு முந்தின நாள் வீட்ட விட்டு போனவன் திரும்பி வரல, நிவாரணத்துக்கு கணக்கெடுக்க வி.ஏ.ஓ. வர்றாரு, கொல்லை தன்னோடதுன்னு காட்ட இவ கையில ஒரு காயிதம் கெடையாது. ராத்திரியானா விழுந்த மரத்த வெட்டி லாரில ஏத்திட்டு போற ஆளுங்க வேற. அவ ஒரு சிம்னி வெளக்க வச்சுக்கிட்டு கொல்லையில காவல் படுக்குறா. படத்துல பாட்டு இல்ல, ஒரு ஒப்பாரி இருக்கு. நடிச்சவங்கள்ல பாதிப்பேரு அந்த ஊரு சனங்க. சாஞ்ச மரத்துக்கு மேல ஏறி நின்னு அவ தன் கொல்லையோட எல்லைய கண்ணாலயே அளக்குற ஒரு ஷாட் இருக்கு, எத்தன தடவ பாத்தாலும் எனக்கு தொண்டை அடைச்சுக்கும். எங்க வீட்லயும் அந்த வருஷம் பலாமரம் போச்சு.

முதல் பேரு காசு கேக்குறப்ப விழுந்துச்சு. டைரக்டரு காசு வாங்குனது சொந்தக்காரங்க கிட்ட, சீட்டு எடுத்தது, அக்கா நகைய அடகு வச்சது, முந்திரி வியாபாரம் பண்ற மாமா கொடுத்தது. மாமா கேட்ட கேள்வியும் அதேதான், "என்னா மாதிரி படம்டா மாப்ள?" இவரு "குடும்பப் படம் மாமா"ன்னு சொன்னாரு. பொய் இல்ல, படத்துல குடும்பம் இருக்கு, ஆனா மாமா மனசுல வந்த குடும்பப் படம் வேற. சினிமா ஆராய்ச்சியாளர் ரிக் ஆல்ட்மன் 1999-ல எழுதுன புத்தகத்துல ஜானருங்கற ஒரே வார்த்தைக்குள்ள நாலு வேலை ஒளிஞ்சிருக்குன்னு பிரிச்சு காட்டுவாரு: எடுக்குறவனுக்கு அது வரைபடம், படத்துக்கு அது எலும்புக்கூடு, விக்கிறவனுக்கு அது லேபிள், பாக்குறவனுக்கு அது ஒப்பந்தம். கிளாஸ்ல இத படிச்சப்ப நாலும் ஒரே பொருளோட நாலு பக்கம்னு நெனச்சேன். மாமாவும் மாப்ளயும் பேசுனத கேட்டப்புறம்தான் புரிஞ்சுது, நாலும் நாலு ஆளுங்க கையில இருக்கு, அவங்க ஒருத்தர ஒருத்தர் பாக்காமலே போகலாம். இங்க வரைபடமே இன்னும் இல்லாதப்ப ஒப்பந்தம் போட்டாச்சு.

ரெண்டாவது பேரு ஃபெஸ்டிவல் ஃபார்ம்ல. வெளிநாட்டு ஃபெஸ்டிவல்களுக்கு ஆன்லைன்ல அனுப்புறப்ப ஜானர்னு ஒரு கட்டம் வரும், சொடுக்குனா பட்டியல் இறங்கும். அந்தப் பட்டியல்ல ஒப்பாரி இல்ல, புயல் இல்ல, கொல்லை இல்ல. டைரக்டரு 'டிராமா'ன்னு போட்டாரு. ஒரு எடத்துல இருந்து பதில் வந்துச்சு, உங்க படத்த பருவநிலை மாற்றம் பத்துன படங்களோட சேத்து போடுறோம் சம்மதமான்னு. போடட்டும்னு சொல்லிட்டாரு. அங்க போன பிறகு பேட்டி எடுத்தவங்க எல்லாரும் கடல்மட்டம், கார்பன் இதையே கேட்டாங்களாம், பட்டா யார் பேர்ல இருக்குன்னு ஒருத்தரும் கேக்கல. கேள்வியெல்லாம் அந்தப் பேரு இழுத்துட்டு போன பக்கமே போயிருக்கு. ஆனா படத்தோட முதுகெலும்பே அந்தப் பட்டாதான்னு நான் அடிச்சு சொல்வேன்.

மூணாவது பேருல எனக்கும் பங்கு இருக்கு. பாண்டிச்சேரில சினிமா பாக்குற கூட்டம் ஒண்ணு எப்பவும் இருக்கும், அலியான்ஸ் பிரான்சேஸ் பக்கம், ஆரோவில் பக்கம், காலாப்பட்டு யூனிவர்சிட்டி பசங்க. கவர்மெண்ட்டே வருஷா வருஷம் விழா நடத்தி சிறந்த படத்துக்கு சங்கரதாஸ் சுவாமிகள் பேர்ல விருது கொடுக்குற ஊரு. நாடகத் தந்தை, 1922-ல இங்கயே காலமானவரு, கருவடிக்குப்பத்துல சமாதி இருக்கு. சந்தைக்கு சந்தை நாடகம் போட்டு டிக்கெட் வித்த மனுஷன் பேர்ல, டிக்கெட் விக்கப் பாடுபடுற படங்களுக்கு விருதுங்கறது எனக்கு ரொம்ப பொருத்தமா படும். அந்தக் கூட்டத்துக்காக ஒரு சின்ன ஹால்ல நம்ம படத்த போட்டப்ப நோட்டீஸ் எழுதுனது நான். 'தமிழ் சுயாதீன சினிமாவின் மெதுநடை மரபில்'னு ஆரம்பிச்சேன். படம் முடிஞ்சு பேச்சு முழுக்க நியோ ரியலிசம், ஸ்லோ சினிமா, லாங் ஷாட். நல்ல பேச்சுதான், நான் குறை சொல்லல. ஆனா பின்வரிசைல இருந்த டைரக்டரோட அக்கா, நகைய அடகு வச்சவங்க, வெளிய வந்து என்கிட்ட "ஏம்மா, என் தம்பி படம் அவ்ளோ மெதுவாவா போவுது?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு படம் படபடன்னு போயிருக்கு, லாரி வர்ற ஒவ்வொரு ராத்திரியும் நெஞ்ச புடிச்சுக்கிட்டு பாத்திருக்காங்க. 'மெதுநடை'ங்கற வார்த்த யாரோட கடிகாரம்னு நான் அதுவரைக்கும் கேட்டுக்கிட்டதே இல்ல.

நாலாவதுதான் அந்தக் கவுண்டர் பேரு. இதுல கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா மத்த பேரெல்லாம் பேச்ச மட்டும் மாத்துச்சு, இந்தப் பேரு படத்தோட காச மாத்திருச்சு.

எங்க ஏரியா சினிமா வியாபாரத்துல என்.எஸ்.சி., அதாவது வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு. தென் ஆற்காடு மாவட்டம் 1993-ல கடலூர், விழுப்புரம்னு ரெண்டா பிரிஞ்சு அந்தப் பேரே காயிதத்துல இருந்து போயிருச்சு, வியாபாரத்துல மட்டும் உசுரோட இருக்கு. அந்த ஏரியாவுல படம் வாங்குற ஒருத்தர போய் பாத்தப்ப அவரு ட்ரெய்லர பாதி பாத்துட்டு "அவார்ட் படமா தம்பி"ன்னு கேட்டிருக்காரு. டைரக்டரு இல்லண்ணே, குடும்பம், கொஞ்சம் சஸ்பென்ஸ்னு சொல்லிப் பாத்திருக்காரு. அவரு அதெல்லாம் காதுல வாங்கல. பாட்டு இல்ல, தெரிஞ்ச மூஞ்சி இல்ல, சவுண்டு கம்மி, முடிவு பண்ணிட்டாரு. அவார்ட் படம்னா வியாபாரத்துல என்ன அர்த்தம்னா, எம்.ஜி., அதாவது இவ்ளோ தர்றேன்னு முன்கூட்டியே உறுதி சொல்ற தொகை, கெடையாது, அட்வான்ஸ் கெடையாது, நீயே வாடகை கட்டி ஓட்டிக்க, காலைல ஒரு ஷோ, வியாழக்கிழமையோட காலி. அதுக்கு மேல ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் படத்த டிஜிட்டலா போடுறதுக்கு வி.பி.எஃப்.னு ஒரு கட்டணம், அத எதிர்த்துதான் 2018 மார்ச் 1-ல இருந்து ஏப்ரல் வரைக்கும் தமிழ்ல புதுப்படமே வெளிய விடாம நிறுத்தி வச்சாங்க. உள்ள அஞ்சு பேரு உக்காந்தாலும் ஐநூறு பேரு உக்காந்தாலும் அந்தக் கட்டணம் அதேதான், பெரிய படத்துக்கு அது தூசி, இவருக்கு அது அக்காவோட வளையல். காலை பதினோரு மணிக்கு முந்திரி ஒடைக்கப் போற பொம்பளைங்க யாரு படத்துக்கு வருவாங்க? யாருக்காக எடுத்தாரோ அவங்க வரமுடியாத நேரத்துல படம் ஓடி, கூட்டம் வரல, பாத்தியா அவார்ட் படத்துக்கு கூட்டம் வராதுன்னு பேரு இன்னும் இறுகிருச்சு.

ஆண்ட்ரூ டியூடர் 1970கள்லயே இந்தச் சுத்துவட்டத்த பத்தி எழுதிட்டாரு, ஆனா அவரு சொன்னது ஆராய்ச்சியாளருக்கு. வெஸ்டர்ன்னா, அதான் கௌபாய் படம்னா, என்னன்னு கண்டுபிடிக்க வெஸ்டர்ன் படங்கள எடுத்து ஆராயுற, ஆனா எது வெஸ்டர்ன்னு முன்னாடியே தெரிஞ்சாதான அந்தப் படங்கள எடுக்க முடியும்னு. அதே சுத்து தியேட்டர்லயும் ஓடுதுங்கறதுதான் நான் கடலூர்ல பாத்தது. எது அவார்ட் படம்? கூட்டம் வராத படம். ஏன் கூட்டம் வரல? அவார்ட் படம்ல.

அவார்டே வாங்காத படம் எப்பிடி அவார்ட் படம் ஆச்சுங்கறதுக்கும் ஆல்ட்மன் கிட்ட ஒரு சாவி இருக்கு. ஜானர்கள் மொதல்ல அடைமொழியாதான் பொறக்கும், போகப் போக அடைமொழி தனியா பிரிஞ்சு வந்து பேருசொல்லா நின்னுக்கும்னு காட்டுவாரு, ஹாலிவுட்டுல மியூசிக்கல் காமெடி, மியூசிக்கல் ரொமான்ஸ்னு ஒட்டிக்கிட்டு இருந்த மியூசிக்கல்ங்கற வார்த்த பின்னாடி தனி ஜானரா ஆன மாதிரி. நம்ம ஊர்ல அவார்ட் வாங்குன படம்ங்கறது சுருங்கி அவார்ட் படம்னு ஆகி, அப்புறம் அவார்டே தேவப்படாத ஒரு வகையா நின்னுருச்சு. இதுக்கு நடுவுல தூர்தர்ஷன் ஒண்ணு இருக்கு. 80கள்ல, 90கள்ல ஞாயித்துக்கிழமை மத்தியானம் மாநில மொழிப் படம் போடுவாங்க, கீழ இங்கிலீஷ்ல எழுத்து ஓடும், பெங்காலி, அசாமி, ஒரியா, மலையாளம். 1960-ல ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன், 1975-ல என்.எஃப்.டி.சி. (தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகம்)னு கவர்மெண்ட் காசுல வளந்த படங்களும் தேசிய விருது வாங்குன படங்களும் கடலூர்ல ஒரு வீட்டுக்குள்ள வந்த வழி அதுதான். சாப்ட்டுட்டு கண்ண சொருகுற நேரம், புரியாத பாஷை, நீளமா ஒரு வயக்காடு. எங்க அப்பா இன்னிக்கும் பாட்டு இல்லாத எந்தப் படத்த பாத்தாலும் "மத்தியானப் படம்"னுதான் சொல்வாரு. அந்தப் படங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல, வந்து சேந்த நேரமும் வழியும் சேந்து ஒரு ஜானர உண்டாக்கிருச்சு. டேவிட் போர்ட்வெல் 1979-ல ஆர்ட் சினிமாவுக்கே தனி இலக்கணம் இருக்குன்னு எழுதுனாரு, ரெண்டு வருஷம் கழிச்சு ஸ்டீவ் நீல் அது இலக்கணம் மட்டும் இல்ல, மானியம், விழா, தனி தியேட்டர் எல்லாம் சேந்த ஒரு நிறுவனம்னு எழுதுனாரு. எனக்கு இந்த வழக்குல நீல்தான் ஒத்துவர்றாரு. என்ன, ஐரோப்பாவுல அந்த நிறுவனத்துக்கு சொந்தமா ஹால் இருந்துச்சு. கடலூர்ல பேரு மட்டும் வந்துச்சு, ஹால் வரல.

அஞ்சாவது பேர சுருக்கமா சொல்லிடுறேன். ஓ.டி.டி.க்கு படத்த கொண்டுபோய் சேக்குற ஒரு கம்பெனி, படத்துக்கு 'த்ரில்லர், மிஸ்டரி'ன்னு டேக் போட்டு, லாரி ஹெட்லைட்டுக்கு முன்னால அவ நிக்கிற ஒரு ஃபிரேம நீலக்கலர்ல மாத்தி முகப்புப் படமா வச்சாங்க. புருஷன் காணாமப் போயிட்டான் இல்லயா, அதான் மிஸ்டரி. கேக்கவே இல்ல, டைரக்டரு ஆப்ப தொறந்தப்பதான் பாத்தாரு. கீழ வந்த கமெண்ட்ல பாதி "எங்கடா ட்விஸ்ட்டு"ன்னு கோவம். மீதிப்பாதி, இத நான் எதிர்பாக்கல, த்ரில்லர்னு நம்பி வந்து உக்காந்து கடைசி வரைக்கும் பாத்து அழுதவங்க. அவார்ட் படம்னு போட்டிருந்தா அவங்க உள்ளயே வந்திருக்க மாட்டாங்க. அதனால தப்பான பேரு எப்பவும் படத்த கெடுக்கும்னு எழுத எனக்கு மனசு வரல.

2021-ல ரோட்டர்டாம் திரைப்பட விழாவுல டைகர் விருது வாங்குன 'கூழாங்கல்' தியேட்டருக்கு வராம 2023-ல நேரா ஓ.டி.டி.க்குதான் வந்துச்சு. அவ்ளோ பெரிய விருது வாங்குன படத்துக்கே நம்ம ஊர்ல ஒரு ஹால் கெடைக்கலன்னா, எங்க பண்ருட்டிக்காரரு படத்துக்கு ஏழு நாள் காலை ஷோ கெடைச்சத சாதனைன்னே சொல்லலாம்.

ஆறாவது பேருக்கு வர்றேன். தியேட்டர்ல எடுத்த பிறகு, ஷூட்டிங் நடந்த ஊர்லயே, மாரியம்மன் கோயில் பக்கத்துல வெள்ளத்துணி கட்டி ராத்திரி ஏழரைக்கு படம் போட்டோம். புரொஜக்டரு வாடகை, ஸ்பீக்கரு திருவிழாவுக்கு கட்டுறவங்க கொடுத்தது. நான் நோட்டோட பின்னாடி உக்காந்துட்டேன். சனங்க படத்த பாத்த விதம் நான் எந்த ஹால்லயும் பாக்காத விதம். மரம் சாஞ்சு கெடக்குற காட்சி வந்தப்ப யார் கொல்லை யார் கொல்லைன்னு அடையாளம் சொல்லிக்கிட்டே பாத்தாங்க. வி.ஏ.ஓ. வர்ற சீன்ல பெருசா சிரிப்பு, அது காமெடி சீனுன்னு எனக்கு அன்னிக்குதான் தெரியும், டைரக்டருக்கு முன்னாடியே தெரியுமாம். ஒப்பாரி வந்தப்ப நாலஞ்சு ஆயாங்க கூடவே பாடிட்டாங்க. முடிஞ்ச பிறகு ஒரு ஆயா கிட்ட உக்காந்து, "ஆயா, இது என்ன மாதிரி படம்?"னு கேட்டேன். "என்னா மாதிரின்னா? தானே படம்தான், வேற என்னா"ன்னாங்க. பக்கத்துல இருந்தவங்க எல்லாரும் அப்பிடியேதான் சொன்னாங்க. அடுத்த நாள் டீக்கடையிலயும் "தானே படம் போட்டாங்களாமே"ன்னுதான் பேச்சு.

இத நான் சாதாரணமா கடந்து போயிருப்பேன், நல்லவேளையா சுந்தர் காளி, அப்புறம் கார்த்திகேயன் தாமோதரன், ஹ்யூகோ காரிஞ்ச் எழுதுனதெல்லாம் மனசுல இருந்துச்சு. தமிழ் சினிமா ஆராய்ச்சி ரொம்ப காலம் அரசியலையும் ஸ்டாரையும்தான் கேட்டுச்சு, 1981-ல கார்த்திகேசு சிவத்தம்பி, 1992-ல எம்.எஸ்.எஸ். பாண்டியன்னு. அதுக்கு காரணமும் இருந்துச்சு, நம்ம ஊர்ல சினிமால இருந்து கோட்டைக்கே போனாங்க. ஜானர் கேள்வி மெதுவாதான் வந்துச்சு. சுந்தர் காளி 70கள் கடைசில வந்த நேட்டிவிட்டி படங்கள, அதாவது கிராமத்து மண்வாசனைப் படங்கள, ஒரு வகையா எடுத்து ஆராஞ்சாரு, 2017-ல தாமோதரனும் காரிஞ்சும் மதுரைப் படங்கள ஒரு ஃபார்முலாவா எடுத்து அதுல சாதிப் பெருமை எப்பிடி ஓடுதுன்னு காட்டுனாங்க. மதுரைன்னா ஒரு ஜானர், அருவா, திருவிழா, கருப்பு கலர் சட்டை எல்லாம் சேந்து மனசுல வந்துரும். கடலூர்னா? ஒண்ணும் வராது. எங்க ஊருக்கு சினிமால ஒரு முகம் கெடையாது. அதனாலதான் முந்திரிக் கொல்லைல நடக்குற கதைய பாத்ததும் சினிமா ஆளுங்க கையில ஒட்ட ஒரு பேரும் கெடைக்காம, இருக்குறதுலயே காலியான பேர ஒட்டிட்டாங்கன்னு நெனைக்கிறேன். ஊரு சனங்களுக்கு அந்தப் பிரச்சன இல்ல. அவங்க கிட்ட தானேங்கற வார்த்த ஏற்கனவே ஒரு முழு கதையா இருக்கு, தானேக்கு முன்னாடி தானேக்கு பின்னாடின்னு வயசயே கணக்கு வைக்கிறவங்க.

இன்னொண்ணும் கவனிச்சேன். யாருமே என்ன ஜானர்னு கேக்கல, கவுண்டர் அண்ணன், மாமா, எல்லாரும் கேட்டது என்ன 'மாதிரி' படம்னுதான். மாதிரின்னா இன்னொண்ணு கூட ஒப்பு வச்சுப் பாக்குறது. இது எந்தப் படத்துக்கு சொந்தம், எது கூட வச்சுப் பேசலாம்னு கேக்குறாங்க. ஜானர்னா பாக்குறவங்க மனசுல இருக்குற எதிர்பார்ப்பும்தான்னு ஸ்டீவ் நீலு எழுதுனது எல்லாம் இந்த ஒரு வார்த்தைக்குள்ளயே கெடக்கு, நாமதான் அத ஆராய்ச்சி வார்த்தையா மதிக்கல. சாரா டிக்கி 80கள்ல மதுரையில உக்காந்து சனங்க எப்பிடி படம் பாக்குறாங்கன்னு அவங்க வாயாலயே கேட்டு 1993-ல புத்தகமாக்குனாங்க, அந்த வழில ஜானர் கேள்விய கொண்டு போனவங்க நம்மள்ல கம்மி.

இதெல்லாம் எழுதி எடுத்துட்டு போய் கைடு மேடம் கிட்ட கொடுத்தேன். அவங்க ஒரு மணி நேரம் படிச்சாங்க. அப்புறம் பின்னிணைப்புல நான் போட்டிருந்த பெரிய டேபிள தொறந்து வச்சு, "இதுல மூணாவது நெடுவரிசைல எல்லா படத்துக்கும் 'ஜானர்: சுயாதீனம்'னு போட்டிருக்கியே, அது யாரும்மா வச்ச பேரு?"ன்னு கேட்டாங்க. நான்தான் வச்சேன். என்.எஸ்.சி. அண்ணன் வச்ச பேர தப்புன்னு பதினஞ்சு பக்கம் எழுதுன நானே அதே வேலைய டேபிள்ல பண்ணியிருக்கேன்.

சுயாதீனம்ங்கறது ஜானரே இல்ல, யார் காசு, யார் முடிவு, யார் வழியா வெளிய வருதுங்கற உறவு. ஜெஃப் கிங் அமெரிக்க சுயாதீன சினிமாவ பத்தி 2005-ல எழுதுனப்ப மூணு அளவுகோல தனித்தனியா வைப்பாரு: தொழில்ல எங்க நிக்குது, வடிவத்துல என்ன பண்ணுது, சமூக அரசியல் நெலமைக்கு முன்னாடி எப்பிடி நிக்குது. மூணும் ஒண்ணா போகணும்னு அவசியமே இல்ல. நம்ம படத்துல வச்சுப் பாத்தேன். காசுல முழு சுயாதீனம், சீட்டுக் காசும் நகைக் காசும். வடிவத்துல பாதிதான், லாரி ராத்திரிங்க எல்லாம் நல்ல பழைய சஸ்பென்ஸ் கட்டமைப்பு, வி.ஏ.ஓ. சீனு தெருக்கூத்து கட்டியங்காரன் கிட்ட இருந்து வந்தது. சமூக நெலையில, பொம்பளைக்கு பட்டா இல்லங்கறத இவ்வளவு நேரா கேட்ட தமிழ்ப்படம் நான் பாத்த வரைக்கும் கம்மி. இந்த மூணையும் ஒரே கட்டத்துல சுயாதீனம்னு அடைச்சா என்ன மிஞ்சும்? பாட்டு இல்லாத படம்ங்கறதுதான் மிஞ்சும், என்.எஸ்.சி. அண்ணன் பாதி ட்ரெய்லர்ல கண்டுபிடிச்சதும் அதான்.

இதுக்கு பழைய சாட்சி எங்க ஊர்லயே இருக்கு. மஞ்சக்குப்பத்துல 1934-ல பொறந்த ஜெயகாந்தன், தன்னோட நாவலயே தானே டைரக்ட் பண்ணி 1965-ல 'உன்னைப்போல் ஒருவன்' கொண்டு வந்தாரு, சேரி வாழ்க்கை, தேசிய விருதுல மூணாவது சிறந்த படத்துக்கான சான்றிதழ் வாங்குச்சு. அவரு எழுத்துக்காரரு சினிமாவுக்கு வந்தாருன்னுதான் இலக்கிய ஆளுங்க பேசுனாங்க, இன்னிக்கு எங்கள மாதிரி ஆளுங்க அத தமிழ் சுயாதீன சினிமாவோட முதல் படம்னு திரும்பிப் பாத்து பேரு வைக்கிறோம். 1903-ல வந்த அந்த அமெரிக்க ரயில் கொள்ளைப் படத்த பின்னாடி வந்தவங்க முதல் வெஸ்டர்ன்னு சொன்ன மாதிரிதான், வந்தப்ப அத யாரும் அப்பிடி வாங்கிக்கல. கேரளாவுல ஜான் ஆபிரகாம் ஒடெஸ்ஸான்னு கூட்டம் சேத்து ஊர் ஊரா போய் படம் காட்டி சனங்க கிட்டயே காசு வாங்கி 1986-ல ஒரு படம் எடுத்தாரே, அதுக்கும் நம்ம படத்துக்கும் வடிவத்துல ஒரு ஒட்டும் இல்ல, காசுலயும் கோயில் பக்கத்து வெள்ளத்துணிலயும்தான் சொந்தம். அந்தச் சொந்தத்த சொல்ல சுயாதீனம்ங்கற வார்த்த வேணும், அதுக்கு மட்டும் வச்சுக்கலாம்.

ஜேசன் மிட்டெல் டி.வி. ஜானர் பத்தி 2001-ல எழுதுனப்ப, ஜானர் நிகழ்ச்சிக்கு உள்ள இல்ல, அத சுத்தி நடக்குற பேச்சுலயும் வியாபாரத்துலயும் விமர்சனத்துலயும் இருக்கு, அங்க போய் தேடுன்னாரு. நான் தேடுனது ஒரே ஒரு படம், ஒரு ஏரியா. கையில இருக்குறது ஃபார்ம்கள், போஸ்டர்கள், மெயில்கள், நோட்டீஸ், ஓ.டி.டி. பக்கம், அஞ்சு பேரோட பேச்சு, கோயில் பக்கத்துல ஒரு ராத்திரி. இத வச்சு தமிழ்நாடு முழுக்க இப்பிடித்தான்னு சொல்ல முடியாது, வேற ஏரியாவுல அவார்ட் படம்ங்கற பேரு வேற மாதிரி வேலை பாக்கலாம். படத்த எடுத்தவரு எனக்கு வேண்டியவருங்கறதையும் படிக்கிறவங்க கணக்குல வச்சுக்கணும், நோட்டீஸ் எழுதுனதும் நான்தான்.

டேபிள்ல மூணாவது நெடுவரிசைய அழிச்சிட்டேன். அதுக்கு பதிலா ஒவ்வொரு படத்துக்கும் பேரு, வச்சவங்க, வச்ச எடம், அதுக்கப்புறம் கெடைச்ச ஷோ நேரம்னு நாலு நெடுவரிசை. வேலை நாலு மடங்கு ஆச்சு.

இதுக்கு நடுவுல அந்த தியேட்டர் ஆபரேட்டர் அண்ணன் ஒருநாள் கூப்புட்டு ஒரு நீள நோட்ட காட்டுனாரு. பிலிம் பொட்டி வந்த காலத்துல இருந்து அங்க ஓடுன ஒவ்வொரு படத்தையும் தேதி போட்டு எழுதி வச்சிருக்காரு, எத்தன ரீலு, எத்தன நாளு, பக்கத்துல ஒரு வார்த்த. சாமி. சண்டை. குடும்பம். பேய். லேடீஸ். சில எடத்துல ஸ்டார் பேரே வகையா இருக்கு. நம்ம படத்துக்கு நேரா 'அவார்டு'ன்னு எழுதி, அத ஒரு கோடு போட்டு அடிச்சு 'தானே'ன்னு எழுதியிருந்தாரு. எப்பண்ணே மாத்துனீங்கன்னு கேட்டேன், மூணாவது நாளு மெஷின் ரூம்ல இருந்து முழுசா பாத்தேன்மா, அப்பன்னாரு. அவருக்கு சொந்த ஊரு குறிஞ்சிப்பாடி பக்கம், அவங்க வீட்டு கூரையும் அன்னிக்கு போயிருக்கு.

நோட்ட ஜெராக்ஸ் எடுக்க கேட்டேன், ரூம விட்டு வெளிய போகக்கூடாதுன்னுட்டாரு. அதனால ஞாயித்துக்கிழமை மேட்னி நேரத்துல பாண்டிச்சேரில இருந்து பஸ் ஏறிப் போய், மெஷின் ரூம்ல ஸ்டூல் போட்டு உக்காந்து கையால காப்பி பண்ணிட்டு இருக்கேன். அவார்டுங்கற வார்த்த மொத மொதல்ல எந்தப் படத்துக்கு நேரா வருதுன்னு பாக்கணும். பின்னால இருந்து முன்னால போறேன், இப்ப 1998 வரைக்கும் வந்திருக்கேன்.